தேயாத துத்தநாகம்

போன வாரம் உங்களில் ஒரு பெண் லெப்டினென்ட் கைபேசியில் கூப்பிட்டார். வெளிநாட்டில் கட்டி, நாம் வாங்கி, நம்மிடமே கிழடாகிப்போன ஒரு போர்க்கப்பலை என்ன செய்யலாம் என்று ஆராயும் குழுவில் அவரைப் போட்டிருக்கிறார்களாம்.

"சார், நவீனப்படுத்தலாமா, வித்துடலாமா? நீங்க ரெண்டையும் பாத்தவர். ஒரே வரியில சொல்லுங்க சார்."

அப்போது நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொட்டி நிரம்பி, வழிந்து, பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த வடகத்தைக் குளிப்பாட்டிவிட்டது. கீழேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கடல் தண்ணிய கப்பலுக்குள்ள வரவுடாம பாத்துக்கினவருன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வெச்சாங்க. தொட்டித் தண்ணிய தொட்டியில வெக்கத் தெரியல."

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் ஒரு தொலைபேசிக் கேள்விக்கு இப்படித் துள்ளக் கூடாது. ஆனால் துள்ளினேன். தொட்டியை அப்படியே விட்டுவிட்டு மாடியில் நடக்க ஆரம்பித்தேன். ஒரே வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஒரு கப்பல் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். அந்தக் குழுவில் இருக்கிற நீங்கள் எல்லோருமே கேளுங்கள்.

இந்தக் கேள்விக்குக் கடற்படையில் இரண்டு கட்சிகள் உண்டு. "உடம்பு கெட்டியாத்தான் இருக்கு, மூளைய மாத்தினா போதும்" என்பது நவீனக் கட்சி. "உதிரி பாகம் செஞ்ச தொழிற்சாலையே இன்னிக்கு இல்லை, நல்ல பேர் இருக்கும்போதே தள்ளிவிடு" என்பது விற்பனைக் கட்சி. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். எந்தக் கட்சியின் கூட்டத்தில் சாப்பாடு நன்றாக இருந்ததோ, அன்றைக்கு அந்தக் கட்சி.

நவீனக் கட்சியில் இருந்தபோது ஒரு பழைய கப்பலுக்குப் புது ராடார் வைத்தோம். ராடாருக்குச் சூடு ஆகாது, எனவே குளிர்சாதனம். குளிர்சாதனத்துக்கு மின்சாரம் போதாது, எனவே இன்னொரு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் வைக்க இடம் இல்லை, எனவே சரக்கு அறையை இடித்தோம். கடைசியில் ராடார் அபாரமாக வேலை செய்தது. ஆனால் அது ஓடும்போது சமையலறையில் அடுப்பு எரியாது. எதிரி வருவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பசியோடு காத்திருக்கலாம். பழைய உடம்பில் புது உறுப்பு வைக்கும்போது, உறுப்பைவிட அது கேட்கிற தீனியை முதலில் விசாரியுங்கள். இதைக் கற்றுக்கொள்ள நாங்கள் அவித்த முட்டையை மறந்து வாழ வேண்டியிருந்தது.

இனி விற்பனைக் கதை. உண்மையில் எனக்கு இன்றுவரை நெஞ்சு படபடக்கிறது என்றால் இதற்குத்தான்.

சில வருடங்களுக்கு முன், நான் ஓய்வுபெறும் தறுவாயில், வெளிநாட்டில் கட்டிய நம் பழைய கப்பல் ஒன்றை ஒரு சிறிய தீவு நாடு வாங்கிக்கொள்ள முன்வந்தது. சென்னையில், தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கிற உலர்துறையில் ஏற்றி வைத்து அவர்களுக்குக் காட்டினோம். விற்பனைக்குப் பொறுப்பு எங்கள் கமடோர். அவருக்குக் கீழே தொழில்நுட்ப விவரம் சொல்ல நான்.

கமடோரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தொழிலில் தெரிந்த நல்லது எல்லாம் அவரிடமிருந்து வந்தது. கெட்டது என் சொந்தச் சம்பாத்தியம். வெள்ளைச் சீருடையில் ஒரு புள்ளி அழுக்கு பட்டிருந்தால், போர் நடுவே கூட நிறுத்தி மாற்றி வரச் சொல்வார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. "என்ன காஞ்சிபுரம்" என்பார். நான் தாமல் ஏரியில் நீச்சல் பழகினவன், காஞ்சிபுரத்துக்குக் குடிவந்ததே அப்புறம்தான் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் கணக்கில் கோபுரம் தெரியும் தூரமெல்லாம் காஞ்சிபுரம். அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "துறையில நீ சொல்லாததைக் கடல் சொல்லும்." நாங்கள் அதைத் திருக்குறளுக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்திருந்தோம்.

வாங்க வந்தவர்களுக்குத் தலைவர் ஒரு கேப்டன். ஆள் மலை போல, குரல் மயிலிறகு போல. மாலுமியாக வளர்ந்தவர், பொறியாளர் அல்ல. அவர்கள் கூட்டி வந்திருந்த பொறியாளர், நாங்கள் கொடுத்த விருந்தின் உறைப்பு தாங்காமல் விடுதியில் படுத்திருந்தார். ஆகவே கேப்டன் தனியாகவே எங்களோடு கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து நடந்து வந்தார்.

தண்ணீருக்குள் இருக்கும் அந்த அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்போம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் எதையாவது அரித்தே தீரும். துத்தநாகம் இருந்தால் அதை முதலில் தின்னும், எஃகை விட்டுவிடும். கல்யாண வீட்டில் கோபக்காரச் சம்பந்தியின் பக்கத்தில் ஒரு பொறுமைசாலி மாமாவை உட்கார வைக்கிறோம் அல்லவா, அதே ஏற்பாடு. மாமா தேய்வார், கல்யாணம் நடக்கும்.

கேப்டன் ஒரு கட்டியைத் தடவிப் பார்த்தார். மூலைகள் கூர்மையாக, புதுச் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. கப்பலின் நிறமே அதற்கும் பூசியிருந்தது.

"எவ்வளவு அருமையான பராமரிப்பு" என்றார். "ஒரு மூலைகூட மழுங்கவில்லையே."

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் எந்த மொழியும் ஞாபகம் இல்லை. துத்தநாகத்துக்கு வண்ணம் பூசவே கூடாது. பூசினால் தண்ணீர் அதைத் தொடாது. மாமாவை அறையில் பூட்டிவிட்டால் சம்பந்தி நேரே மாப்பிள்ளையிடம் போவார். கட்டி தேயவில்லை என்றால், இத்தனை காலமும் தேய்ந்தது கப்பல். தகட்டின் தடிமனைக் கைக்கு எட்டிய இடங்களில் மட்டும்தான் அதுவரை அளந்திருந்தார்கள்.

யார் பூசியது? அதுவும் அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தக் கப்பல் கடைசியாக உலர்துறையில் ஏறியபோது அதன் தலைவராக இருந்தவர் எங்கள் கமடோர். அந்த வருடம் 'மிடுக்கான கப்பல்' என்று கேடயம் வாங்கியது. அசையாத பொருளுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது நம் கடற்படை வழக்கம், கேடயம் என்றால் கேட்கவே வேண்டாம். அவசரத்தில் யாரோ ஒரு உற்சாகி துத்தநாகத்தையும் விடவில்லை. அப்புறம் கப்பல் பெரும்பாலும் துறையிலேயே கட்டிக் கிடந்தது. அடிவயிற்றை யாரும் பார்க்கவில்லை.

கமடோரைப் பார்த்தேன். அவர் அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"காஞ்சிபுரம், நாளைக்குக் கேப்டன உன் ஊருக்குக் கூட்டிட்டுப் போ. கோயில், பட்டு எல்லாம் காட்டு" என்றார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து அதற்கு மறுநாள்.

நினைத்துப் பாருங்கள். ஓட்டையாகக்கூடிய ஒரு கப்பலை ஒருவர் வாங்கப்போகிறார். அதில் அவருடைய ஆட்கள் ஏறி, நடுக்கடலில் போகப்போகிறார்கள். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சொன்னால் என் குருநாதரின் தலை உருளும். அந்த ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் அந்த மனிதருக்குக் காஞ்சிபுரம் இட்லி வாங்கிக் கொடுத்தேன். கைலாசநாதர் கோயிலில், பழைய கல்லின் மேல் பின்னால் வந்தவர்கள் பூசிய சுதை ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. கேப்டன் அங்கே கையை வைத்து, "மேலே பூசியிருப்பதை நம்பக் கூடாது, இல்லையா?" என்றார். கோயில் வாசலில் அமர்த்திய வழிகாட்டிக்கு நான் கொடுத்த காசு தண்டம். பேச வேண்டியதை எல்லாம் வந்த விருந்தாளியே பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டுக்கடை என்றேன். அவர் தயங்கி, தன் பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. எப்போதோ இங்கிருந்து கப்பலேறி அவர்கள் தீவுக்குப் போனது. அவர் மனைவியின் கல்யாணச் சேலை. "இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டு வரச் சொன்னாள்" என்றார்.

எங்கள் ஊரில் பழைய ஜரிகைச் சேலையை எடை போட்டு வாங்குவதற்கென்றே கடைகள் உண்டு. உருக்கினால் வெள்ளி. காதர் பாயின் கடைக்குக் கூட்டிப் போனேன். அவரும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவர் முன்னேறிவிட்டார், நான் கடற்படையில் சேர்ந்தேன்.

"வாப்பா கப்பலு. இன்னா, தொரைய இஸ்துக்கினு வந்துக்கற?"

"வாயக் கொஞ்சம் சும்மா வெச்சிரு பாய். வெளிநாட்டு கேப்டன்."

"இருக்கட்டுமே. கேப்டனுக்கு பிஸ்கெட்டு வேணாமா? டேய், டீ சொல்லு." பாய் சேலையைப் பிரித்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கரை தகதகத்தது. உடலில் மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளிச்சம் வந்தது.

"ஜரிகை அசலு. அப்போ போட்ட மாதிரியே இருக்குது. உடலுதான் மடிப்புல இத்துப்போச்சி. கட்டாம, பிரிக்காம, ஒரே மடிப்புல வெச்சிக்கினே இருந்தா பட்டு இன்னா பண்ணும்?"

மொழிபெயர்த்தேன். ஒரே இடத்தில் கட்டிக் கிடந்த கப்பல் என் கண் முன்னால் வந்து நின்றது.

"ரெண்டு வழி இருக்குது சார்" என்று பாய் நேராகக் கேப்டனிடமே தமிழில் தொடர்ந்தார். "ஒண்ணு, என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, எட போட்டுக்கறேன். இல்லாட்டி கரைய வெட்டி புது உடல்ல வெச்சித் தெச்சிக்கலாம். அது தறியிலயே சேத்து நெய்யற கோர்வை ஆவாது, தையல்தான். தூர நின்னு பாத்தா தெரியாது."

"எது நல்லது என்று கேளுங்கள்" என்றார் கேப்டன்.

பாய் சிரித்தார். "நான் வாங்கறவன்யா. என்னக் கேட்டா வித்துடுன்னுதான் சொல்வேன். தெக்கறவன் தெச்சிக்கோன்னு சொல்வான். இதுல லாபம் இல்லாத ஆளா பாத்து கேக்கச் சொல்லு. உன்னையே கேக்கட்டுமே."

நான் இதையும் மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தை விட்டிருக்கலாம். விடவில்லை.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். அந்த மயிலிறகுக் குரலில், "சரி, உங்களையே கேட்கிறேன். சேலையை அல்ல. நேற்று அந்தத் துத்தநாகத்தை நான் புகழ்ந்தபோது நீங்கள் கமடோரைப் பார்த்தீர்கள். ஏன்?" என்றார்.

பாய்க்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் முகம் தெரியும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது இரண்டு கதவுகள்தான் தெரியும். பொய் சொல்வது, அல்லது மேலதிகாரியைக் காட்டிக்கொடுப்பது. எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் பொய் எப்போதும் அவசரப்படுத்தும், உண்மைக்கு ஒரு நிமிடம் அவகாசம் கேட்கலாம். "ஒரு நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். அந்த ஒரு நிமிடம் கேட்டதே பாதிப் பதில் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பரவாயில்லை. கமடோரைக் கூப்பிட்டேன்.

"சார், கேப்டன் ஜிங்க் பத்திக் கேக்கறார்."

தெருவில் ஒரு ஆட்டோ, ஒரு சாமி ஊர்வல டிராக்டர், ஒரு மாடு. எல்லாம் போனபிறகுதான் அவர் குரல் வந்தது.

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் எதுவும் சொல்லல சார். சொல்லாம இருக்கவும் முடியாது. உங்ககிட்ட சொல்லிட்டு சொல்லலாம்னு..."

"அன்னிக்கு கேடயத்தைக் கையில வாங்கினது நான்தான், காஞ்சிபுரம்."

"தெரியும் சார்."

என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு அவர் குரல், அணிவகுப்பில் கேட்கும் அதே குரல், வந்தது.

"போனை அவர்கிட்ட குடு. இதை நீ சொல்லக் கூடாது. நான் சொல்லணும்."

எனக்கு அப்போது குதிக்க வேண்டும் போல இருந்தது. பட்டுக்கடைத் தெருவில், வெயிலில், சீருடை இல்லாத ஒரு கமாண்டர் குதித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? குதிக்கவில்லை. ஓடினேன். சேலைக் கட்டு ஒன்றைத் தட்டிவிட்டுக்கொண்டே உள்ளே போய்க் கைபேசியை நீட்டினேன்.

கேப்டன் வெகுநேரம் கேட்டார். ஒரே ஒரு தடவை, "கேடயத்துக்கான அவசரத்தில் நானும் அப்படித்தான் பூசியிருப்பேன்" என்றார். கடைசியில், "நன்றி. நாளை கையெழுத்து வேண்டாம். சுத்தியல் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலையை விற்கவில்லை, வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்றார்.

பாய் அதைப் பழைய மடிப்பில் மடிக்காமல், வேறு விதமாக மடித்துக் கொடுத்தார். பிறகு என்னிடம், "நல்ல கிராக்கிய கூட்டிக்கினு வந்து, போன் பேசியே கெடுத்துட்டியேப்பா. டீக்கு காசாவது குடு" என்றார்.

மறுநாள் உலர்துறையில் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தோம். விடுதியிலிருந்து அவர்களுடைய பொறியாளரும் எழுந்து வந்திருந்தார், முகம் இன்னும் வெளுப்பாக. சுத்தியலைக் கமடோர் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் தட்டு, கோயில் மணி மாதிரி. இரண்டாவது இடத்திலும் மணி. இயந்திர அறைக்குக் கீழே போனதும் ஓசை மாறியது. மணி போய், பழைய தகர டப்பா. கமடோர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கையை ஓங்கி அடித்தார். சுத்தியலின் தலை உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

அதை வெளியே இழுக்க அவர் முயலவில்லை. அப்படியே விட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையில் துரு.

பயந்தேனா? இல்லை. எனக்கு உடம்பெல்லாம் மின்சாரம். அந்த ஓட்டை நடுக்கடலில் திறந்திருக்க வேண்டியது, எங்கள் துறையில், பகல் வெளிச்சத்தில், காலுக்குக் கீழே காய்ந்த தரையோடு திறந்துகொண்டது. கப்பல்காரனுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது.

கவனியுங்கள், விற்பதென்று முடிவாகும் முன் அதே தகட்டின் மேல்தான் நவீனக் கட்சி புது ராடாரும் ஏவுகணையும் வைக்கத் திட்டம் போட்டிருந்தது. வைத்திருந்தால் நம் பிள்ளைகள் போயிருப்பார்கள். விற்றிருந்தால் அவர் பிள்ளைகள். இரண்டு கட்சியும் அவ்வளவு சண்டை போட்டதில், யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பேரம் முறிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கேப்டன் அந்தச் சுத்தியலைப் பிடுங்கி எடுத்து, ஓட்டைக்குள் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "கெட்ட தகட்டையெல்லாம் நீங்களே மாற்றிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

"இன்னுமா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். விற்க வந்தவன் கேட்கிற கேள்வியா?

"இன்னொருவரிடம் போனால் இந்த ஓட்டையை யார் எனக்குக் காட்டுவார்கள்?"

தகடுகளை மாற்றினோம். புதுத் துத்தநாகம் பொருத்தினோம். பெயிண்ட் டப்பாவோடு யாரும் அந்தப் பக்கம் வராமல் நானே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். பிறகு முழுவேகச் சோதனை ஓட்டம். கிழவி என்று நாங்கள் எழுதிவைத்த அந்தக் கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு வங்கக் கடலைக் கிழித்தாள் பாருங்கள், தளம் அதிர, அலை மேல்தளம் வரை அடிக்க, அந்த மலை மனிதர் மயிலிறகை மறந்து, "இன்னும், இன்னும்" என்று கத்தினார். நானும் கத்தினேன். கமடோர் மட்டும் கைகட்டி நின்றார். கொடி மாறியது. அவள் போனாள்.

கமடோர் அட்மிரல் ஆகவில்லை. கமடோராகவே ஓய்வுபெற்றார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை கேட்டேன், "அன்னிக்கு துறையில ஏன் சார் சொல்லல?" என்று. "வாய் வரைக்கும் வந்துச்சு. அங்கேருந்து வெளிய வர ஒரு நாள் ஆச்சு. நல்லவேளை, நீ கூப்பிட்டே" என்றார்.

ஆகவே அம்மணி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நவீனப்படுத்துவதா, விற்பதா என்பது இரண்டாம் கேள்வி. முதலில் குனிந்து தகட்டைத் தட்டுங்கள். நன்றாக இருந்தால் எதையும் செய்யலாம். விற்பதாக முடிவானால், வாங்குகிறவரோடு அதில் ஏறிப் போக நீங்கள் தயாரா என்று பாருங்கள். தயாரில்லை என்றால் விற்காதீர்கள். அப்போது வைத்துக்கொள்ளவும் முடியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சமீபத்தில் அவள் சென்னைக்கு வந்தாள். நல்லெண்ணப் பயணம். வேறு பெயர், வேறு கொடி, அதே மூக்கு. கமடோரும் நானும் விருந்தினர்களாகப் போனோம். கேப்டன் இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, கப்பலின் பொறியாளர் ஒரு துணிப்பொதியைக் கமடோரின் கையில் வைத்தார். பிரித்தால், நாங்கள் பொருத்திய துத்தநாகக் கட்டி ஒன்று. பல்லிடுக்கில் வைத்துக் கடித்த வெல்லக்கட்டி மாதிரி, குழி குழியாக, பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது.

"இவ்வளவு அசிங்கமான பொருளை நான் பாத்ததில்ல" என்றார் கமடோர். ஆனால் கீழே வைக்கவில்லை.

திரும்பும்போது காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் பெரிய சாம்பல் கறை பரவியிருந்தது. இதே கறைக்கு ஒரு காலத்தில் எனக்கு மூன்று நாள் வெளியே போக அனுமதி இல்லாமல் செய்தவர்.

பார்த்தேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.